சமைத்தவரும் சூடாக உண்ணும் இரவு

வட இந்தியக் குளிர் வெளியில் இருப்பதைவிட வீட்டுக்குள்தான் அதிகம் என்று தில்லியில் குடியேறிய தென்னிந்தியர் சொல்வதுண்டு. இதில் மிகை குறைவு. இந்தச் சமவெளியின் வீடுகள் கோடையை எண்ணிக் கட்டப்பட்டவை. மொசைக் தரை, வெயில் புகாத உள்ளறை, காற்றோட்டத்துக்காக உயரத்தில் விடப்பட்ட சாளரம், கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து என, மே மாதத்தில் அருளாக இருப்பவை எல்லாம் டிசம்பர் பிறந்ததும் பகையாகின்றன. நண்பகலில் மொட்டைமாடி இளஞ்சூடாக இருக்கும். அதே நேரத்தில் உள்ளறையில் கால் வைக்க முடியாது. சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிட்டால் இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைக் குளிரலை என்று அறிவிக்கிறது. அறிவிப்பு வராத நாள்களிலும் மூடுபனியும் ஈரமும் சேர்ந்து, கம்பளிக்குள் இருப்பவரின் விரல் நுனியைத் தேடிப் பிடித்துவிடுகின்றன.

இந்தக் குளிர் முதலில் தெரிவது தட்டில். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் இயல்புடையது. ஆகவே நவம்பர் கடைசியிலேயே அது புட்டிக்குள் வெண்கல்லாகிவிடும். கொதிக்கக் கொதிக்க ஊற்றிய சாம்பார், சோற்றைப் பிசைந்து மூன்றாவது கவளம் எடுப்பதற்குள் வெதுவெதுப்பை இழக்கிறது. கடைசிக் கவளத்தில் நெய் நாக்கின் மேல் மெழுகுபோல் ஒட்டுகிறது. கல்லிலிருந்து எடுக்கும்போது பூப்போல் உப்பியிருந்த ஃபுல்கா ரொட்டி, சில நிமிடங்களில் தோல்போல் விறைக்கிறது. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பது தமிழ் வழக்கு. தஞ்சையிலோ மதுரையிலோ அது காலம் தாழ்ந்த செயலைக் குறிக்கும் பழமொழியாக மட்டும் இருக்கக்கூடும். தில்லியின் ஜனவரி இரவில் அது சொல்லுக்குச் சொல் உண்மை.

ஆகவே குளிர்காலத்தில் ஒரு வீட்டின் உணவைப் பற்றிப் பேசும்போது, என்ன சமைத்தார்கள் என்பதோடு, அதை யார் எப்போது உண்டார் என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

வட இந்திய வீடுகளில் ரொட்டி பரிமாறப்படும் ஒழுங்கு எல்லோரும் அறிந்தது. உண்பவர் அமர்ந்திருப்பார், அடுப்படியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுடச்சுட வரும். ஒன்று முடியும் தறுவாயில் அடுத்தது தட்டில் விழும். அன்பின் அடையாளமாகவே அது போற்றப்படுகிறது. இதில் தமிழ் வீடு பெரிதும் வேறுபட்டதன்று. தோசைக்கல்லின் முன்னால் நிற்பவர் கடைசித் தோசையை ஊற்றிய பிறகே தன் தட்டை எடுப்பார். அதற்குள் சட்னியின் அடிமட்டமே மிஞ்சியிருக்கும். கோடையில் இது ஒரு சிறு அநீதியாகத் தெரியாமலே கழிந்துவிடும். குளிர்காலத்தில் அதன் வெப்பநிலையைத் தொட்டே அறியலாம். வீட்டார் அனைவருக்கும் சூட்டைப் பகிர்ந்தளித்தவர், தானே மாவு பிசைந்து, தானே தேய்த்து, தானே சுட்ட ரொட்டியை, ஒன்பதரை மணிக்கு நின்றபடி குளிர்ந்த பருப்பில் தோய்த்து உண்கிறார்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இந்தச் சமனின்மைக்கு ஓர் எண்ணைத் தந்தது. ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்களோ 97 நிமிடங்கள். ஆறாண்டுக்கு மேற்பட்ட வயதுள்ள பெண்களில் 81 விழுக்காட்டினர் அந்த வேலையைச் செய்தனர். ஆண்களில் அப்படிச் செய்தோர் 26 விழுக்காட்டினரே. அந்த 299 நிமிடங்களின் முடிவில் கிடைக்கும் உணவு சூடாக இருந்ததா என்பதை எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

ஆனால் குளிரே ஒரு மாற்றையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. இமயமலையின் அடிவாரம் தொட்டு அதன் உச்சிப் பள்ளத்தாக்குகள் வரை, கடுங்குளிருக்கென்று உருவான எளிய உணவுகளை வரிசைப்படுத்தினால், அவற்றில் பல ஒரே பாத்திரத்தில் ஆக்கப்படுபவையாக இருக்கின்றன. அரிசியும் பருப்பும் சேர்ந்து குழைவது, மாவுத் துண்டுகள் கிழங்கோடு வேவது, காய்ந்த காய்கள் குழம்பில் ஊறி உயிர்பெறுவது. இவற்றைச் சமைத்து முடித்தபின் அடுப்பின் முன்னால் நிற்க எவருக்கும் வேலையில்லை. பாத்திரத்தை இறக்கினால் சமைத்தவரும் அமரலாம். சூட்டை நெடுநேரம் பிடித்துவைக்கும் குழைவு, மூன்றாம் தட்டுக்கும் முதல் தட்டின் வெம்மையைத் தரும்.

அவற்றுள் தலையாயது கிச்சடி. தமிழ்நாட்டில் இந்தச் சொல் ரவையில் செய்யும் சிற்றுண்டியைக் குறிப்பதால், வடக்கே செல்லும் தமிழர் முதலில் குழம்புவது இயல்பு. வடக்கின் கிச்சடி, மிளகும் முந்திரியும் இல்லாத வெண்பொங்கலுக்கு நெருங்கிய உறவு. அதன் வயதும் சிறிதன்று. 14ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்த இப்னு பதூதா, பாசிப்பயற்றை அரிசியோடு வேகவைத்து நெய்யுடன் இந்நாட்டினர் காலையில் உண்பதைக் குறித்துவைத்திருக்கிறார். தம் நாட்டில் காலையில் அருந்தும் ஹரீராவோடு அதை ஒப்பிட்டும் சொல்கிறார். அபுல் ஃபஸலின் அயினி அக்பரி, அக்பரின் சமையற்கூடத்துக் கிச்சடிக்கு அரிசி, உடைத்த பருப்பு, நெய் மூன்றையும் சம எடையில் கூறுகிறது. சம எடை நெய் என்பது அரண்மனையின் கணக்கு. மற்ற வீடுகளில் நெய் கரண்டியில் அளக்கப்பட்டது. பல வீடுகளில் அது விரலில் தொட்டு வைக்கப்பட்டது. அரிசியும் பருப்பும் மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றாகவே குழைந்தன.

ஜனவரி நடுவில் ஞாயிறு மகர ராசிக்குள் புகும் நாளை உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் மக்கள் கிச்சடி என்றே அழைக்கிறார்கள். புத்தரிசியும் கறுப்பு உளுந்தும் பச்சைப் பட்டாணியும் காலிஃபிளவரும் சேர்ந்து அன்று பானையில் கொதிக்கும். கோரக்பூரின் கோரக்நாதர் கோயிலில் பக்தர்கள் அரிசியையும் பருப்பையும் காணிக்கையாகச் செலுத்துவர். அதே நாளில் காவிரிக் கரையில் பொங்கல் பொங்கும். இரண்டு நிலங்கள், ஒரே அறுவடைக் களிப்பு, ஏறத்தாழ ஒரே பானை. கிச்சடிக்குத் தயிர், அப்பளம், நெய், ஊறுகாய் என்று நான்கு நண்பர்கள் உண்டு என்பது இந்தி பேசும் வீடுகளின் சொலவடை. நால்வருமே அடுப்பின் முன் ஆளை நிறுத்திவைக்காத நண்பர்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஊறுகாய் கோடையிலேயே முடிந்த வேலை. தயிர் முந்தைய இரவில் உறையிட்டது. அப்பளம் தணலில் ஒரு புரட்டு.

தென்தில்லியின் பழைய அரசுக் குடியிருப்பு ஒன்றில், கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து கணவரின் பணியிட மாற்றத்தால் வந்து சேர்ந்த ஒரு பெண் இந்த உண்மையைத் தன் இரண்டாம் குளிர்காலத்தில் கண்டுகொண்டாள். முதல் குளிர்காலம் முழுவதும் அவள் தோசைக்கும் சப்பாத்திக்கும் நடுவே நின்றே கழித்தாள். சமையலறைச் சாளரத்தின் உடைந்த கண்ணாடியை ஒரு நாள்காட்டி அட்டையால் அடைத்திருந்தார்கள். அட்டையின் ஓரத்தில் நுழையும் காற்று, கல்லின் முன் நிற்பவளின் முதுகைக் குறிவைத்தே வீசும். முன்புறம் அனல், பின்புறம் பனி. இரவு அவள் உணவு உண்ணத் தொடங்கும் வேளையில் குழந்தைகள் ரஜாய்க்குள் உறங்கியிருப்பார்கள்.

மாடி வீட்டில் ஒரு பஞ்சாபி மூதாட்டி இருந்தார். குடியிருப்பே அவரைப் பீஜி என்று அழைத்தது. மதிய வெயிலில் மொட்டைமாடிக் கட்டிலில் அமர்ந்து பட்டாணி உரித்துக்கொண்டே கீழ்வீட்டுப் பெண்ணின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நாள் வினவினார்.

“நீ எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், மகளே?”

“எல்லாரும் சாப்பிட்டான பிறகு, பீஜி.”

“அப்படியென்றால் இந்த வீட்டில் குளிர் உனக்கு மட்டும்தான். வாரத்தில் இரண்டு நாள் கிச்சடி வை. குக்கரை நடுக்கூடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு நீயும் உட்கார். கேட்டால் பீஜி சொன்னாள் என்று சொல்.”

அன்றிரவு கூடத்தில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன்மேல் குக்கர் வந்தமர்ந்தபோது, யாருக்குக் காய்ச்சல் என்று கணவர் கேட்டார். தமிழ் வீட்டில் குழைந்த சோற்றுக்கு அந்தப் பெயர்தான் முதலில் வாய்க்கும். மூடியைத் திறந்ததும் எழுந்த ஆவியில் இஞ்சியும் பெருங்காயமும் மணத்தன. அவருடைய இரண்டாம் கேள்வி ஊறுகாய் எங்கே என்பதாக இருந்தது.

அந்த ஜனவரியில் அவளுடைய மாமியார் தில்லிக்கு வந்திருந்தார். இராத்திரியில் பொங்கலை யார் தின்பார்கள் என்பது அவருடைய முதல் கருத்து. ஐந்து தட்டுகள் ஒரே நேரத்தில் வைக்கப்பட்டதைக் கண்டு, முதலில் அவர்கள் சாப்பிடட்டும், நாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி எழப்போனார். ஆறிவிடும் அம்மா, உட்காருங்கள் என்றாள் மருமகள். வேறு வழியின்றி அமர்ந்தார். தட்டின் அடியில் பரவிய சூட்டுக்காக அதை இரு கைகளாலும் ஏந்தி மடியில் வைத்துக்கொண்டார். நாற்பதாண்டு இல்வாழ்க்கையில் மகனோடு ஒரே வேளையில் அமர்ந்து அவர் இரவுணவு உண்டது, விருந்துகளையும் பயணங்களையும் நீக்கிவிட்டால், அரிதாகவே இருக்கும். அதைப் பற்றி எவரும் பேசவில்லை. அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். நாளைக்கும் இதையே வைத்தால் என்ன என்று கைகழுவும்போது சொன்னார்.

கோடை வந்ததும் பழைய வரிசையே திரும்பியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பாத்திரம் ஒரு குடும்பத்தின் ஒழுங்கை மாற்றிவிடும் என்று எண்ணுவது பேதைமை. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் ஆண்டுக்கு இரண்டு மாதம், வாரத்துக்கு இரண்டு இரவு, ஐந்து தட்டுகள் ஒரே நேரத்தில் நிறைந்தன.

பீஜியின் அறிவுரையில் கம்பும் இருந்தது. அரியானாவிலும் இராஜஸ்தானிலும் கம்பு குளிர்காலத் தானியம். நீர் தெளித்து உரலில் இடித்து, உமி நீக்கி, பாசிப்பருப்போடு நெடுநேரம் வேகவைத்து, நெய்யை ஊற்றி உண்பார்கள். கம்பு உடலுக்குச் சூடு தரும் என்பது அங்குள்ள நம்பிக்கை. கோடை வெயிலில் மோர் கலந்த கம்பங்கூழைக் குளிர்ச்சிக்காகக் குடித்து வளர்ந்த கும்பகோணத்துப் பெண்ணுக்கு இது வியப்பாக இருந்தது. ஒரே தானியம் ஒரு நிலத்தில் குளிர்ச்சியாகவும் மற்றொரு நிலத்தில் சூடாகவும் இருப்பதன் மறைபொருள் ஆக்கும் முறையில் இருக்கிறது. புளித்து ஆறிய கூழ் ஒன்று. நெய்யூற்றிக் கொதிக்க இறக்கிய கிச்சடி மற்றொன்று.

எல்லாக் குளிர்கால உணவும் சமைப்பவரை அமரவிடும் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சாபின் பெருமிதமான கடுகுக்கீரைச் சாகை எடுத்துக்கொள்ளலாம். கடுகுக்கீரையோடு பசலையும், கோதுமை வயலில் களையாக முளைக்கும் பத்துவாவும் சேரும். பத்துவா தமிழருக்கு அயலன்று. சக்கரவர்த்திக்கீரை என்ற பெயரில் அறிந்ததே. கீரையை ஆய்ந்து, மண் போக நான்கைந்து நீரில் அலசி, இஞ்சியும் பூண்டும் பச்சைமிளகாயும் இட்டு, மெல்லிய தீயில் மணிக்கணக்கில் வேகவிட்டு, மர மத்தால் கடைந்து, மக்காச்சோள மாவைத் தூவிக் கட்டிப்படுத்த வேண்டும். ஒரு கூடைக் கீரை ஒரு சட்டிக்குள் அடங்குவதற்குள் பகல் கழிந்துவிடும். மக்காச்சோள ரொட்டியோ பொறுமையைச் சோதிப்பது. கோதுமையின் பசைத்தன்மை அந்த மாவில் இல்லை. ஆகவே வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டித்தான் விரிக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியே, ஒவ்வொன்றும் சூடாக.

ஆயினும் பழைய பஞ்சாபி வீட்டில் இந்த வேலை தனிமையில் நிகழவில்லை. மண்ணடுப்பு தரையில் இருந்தது. சமைப்பவர் தாழ்வான பலகையில் அமர்ந்திருப்பார்; உண்பவர் அடுப்பைச் சுற்றி அமர்வர். குளிர் அவர்களை அங்கே இழுத்து வந்தது. ரொட்டி சுடுபவரும் உண்பவரும் ஒரே நெருப்பில் கைகாய்ந்தனர். கேஸ் அடுப்பு வந்தபோது சமையல் தரையிலிருந்து மேடைக்கு ஏறியது. முதுகுக்கும் முழங்காலுக்கும் அது விடுதலை. அதே நேரம், சுவரைப் பார்த்து நிற்பவராகச் சமைப்பவர் மாறினார். உண்பவர் வேறு அறைக்குப் போனார்.

இதைச் சொல்லும்போது மண்ணடுப்பின் புகையை மறந்துவிடக் கூடாது. விறகும் வறட்டியும் எழுப்பும் புகையை மிகுதியாக உட்கொண்டவர்கள் அந்த அடுப்பின் அருகில் அமர்ந்த பெண்களும் அவர்கள் மடியிலிருந்த குழந்தைகளுமே. 2016ஆம் ஆண்டு மே முதல் நாளில் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கப்பட்டது இதன் பொருட்டே. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தூய எரிபொருளில் சமைக்கும் வீடுகள் நாட்டில் 58.6 விழுக்காடு, ஊர்ப்புறத்தில் 43.2 விழுக்காடு மட்டுமே. மூடிய அறைக்குள் கரி அங்கீட்டியை வைத்துக்கொண்டு உறங்கி, கார்பன் மோனாக்சைடு நச்சால் மாண்டோரின் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்திய நாளேடுகளில் வருகிறது. நெருப்பைச் சுற்றி அமரும் படம் அழகானது. அந்த நெருப்பு எதை எரிக்கிறது, புகை எங்கே போகிறது என்று கேட்காமல் அதற்காக ஏங்குவது, இருமிக்கொண்டே ஊதுகுழலை ஊதியவர்களுக்குச் செய்யும் துரோகம்.

எளிய உணவின் பின்னால் இருக்கும் உழைப்பு சில இடங்களில் வேறொரு பருவத்தில் ஒளிந்திருக்கிறது. காஷ்மீரில் டிசம்பர் 21 முதல் நாற்பது நாள் நீளும் கடுங்குளிருக்குச் சில்லாய் கலான் என்று பெயர். அடுத்து இருபது நாள் சில்லாய் குர்த்; அதன்பின் பத்து நாள் சில்லாய் பச்சா. பனி மலைப்பாதையை மூடினால் பள்ளத்தாக்குக்குப் பச்சைக் காய் வராது. எனவே கோடையிலேயே சுரைக்காயையும் கத்தரிக்காயையும் தக்காளியையும் டர்னிப்பையும் அரிந்து, கயிற்றில் கோத்தும் பாயில் பரப்பியும் உலர்த்திவைப்பது காஷ்மீர வீடுகளின் வழக்கம். ஹோக் ஸ்யுன் என்பது இதன் பெயர். தமிழ் வீட்டின் வற்றலுக்கு இது இமயமலைப் பங்காளி. ஜனவரியில் ஒரு கைப்பிடிச் சுரை வற்றலை வெந்நீரில் ஊறவைத்துப் பருப்போடோ இறைச்சியோடோ கொதிக்கவிட்டால் போதும். அரை மணியில் உணவு. அந்த அரை மணிக்குப் பின்னால் ஆகஸ்டு மாதத்தின் எத்தனை பகல்கள்! மேகம் கண்டால் ஓடிச் சென்று பாயைச் சுருட்டியவர்கள், பழுதான துண்டுகளைப் பொறுக்கி எறிந்தவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே.

இன்று சுரங்கப்பாதைகள் வந்துவிட்டன. 2025 ஜூனில் காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு நாட்டின் ரயில் வழியோடு இணைந்தது. ஆயினும் வற்றல் கடைகளில் விலைபோகிறது. ஃபெரன் அங்கிக்குள் காங்கடியை அணைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவருக்கு, கோடையின் வெயிலே தட்டில் வந்து விழுந்ததுபோன்ற அந்தச் சுவை வேறு எதிலும் கிடைப்பதில்லை.

மேலும் கிழக்கே, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் லே நகரம். அங்கே நீர் 88 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். முழுப் பயறு குக்கர் இன்றி எளிதில் வேகாது. அந்த இயற்பியலுக்கு ஏற்ற உணவு ஸ்க்யூ. கோதுமை மாவைப் பிசைந்து, சிறு உருண்டையாகக் கிள்ளி, பெருவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் கிண்ணம்போன்ற குழிவு விழும். அத்துண்டுகள் டர்னிப்போடும் உருளைக்கிழங்கோடும், வசதியுள்ள நாளில் இறைச்சியோடும், ஒரே பானையில் வேகும். கிழங்குகள் இலையுதிர்காலத்திலேயே மண்ணுக்குள் குழிதோண்டிப் புதைத்துக் காக்கப்பட்டவை. மாவை அழுத்தும் வேலைக்கு வீட்டிலுள்ள எல்லாப் பெருவிரலும் வரலாம். குழந்தையின் பெருவிரல் போடும் குழி சற்றுச் சிறிது, அவ்வளவே.

பழைய லடாக்கி வீட்டில் சமையலறையே வீட்டின் பேரறை. நடுவில் அடுப்பு, சுவர்த் தட்டுகளில் பளபளக்கும் செம்பும் பித்தளையும், ஓரங்களில் கம்பளம் விரித்த இருக்கைகள், அவற்றின் முன் தாழ்ந்த மேசைகள். குளிர்காலத்தில் வாழ்வு முழுவதும் அந்த ஓர் அறைக்குள் சுருங்கும். அங்கும் வயதுக்கும் தகுதிக்கும் ஏற்ற இருக்கை வரிசை உண்டு. மதிப்புக்குரியவர் அடுப்பின் அருகில் அமர்வார். சமத்துவத்தின் சொர்க்கமாக அதைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் கரண்டியைப் பிடித்திருப்பவர் நெருப்புக்கு மிக அருகில் இருக்கிறார், பேச்சிலும் இருக்கிறார். ஒரே பானையிலிருந்து எல்லாக் கிண்ணங்களும் நிறைந்தபின் அவருடைய கிண்ணமும் அதே ஆவியோடு நிறைகிறது.

நகரம் இப்போது எதிர்த்திசையில் நடக்கிறது. சூடேற்றும் கருவி படுக்கையறையில் இருக்கிறது; ஆகவே தட்டும் அங்கே போகிறது. சமையலறை வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையாக மிஞ்சுகிறது. சமைக்க மனமில்லாத இரவில் செயலியைத் தட்டினால் சூடான உணவு வாசலுக்கு வரும். அதைச் சூடாகக் கொண்டுவந்து சேர்த்தவர் மூடுபனியில் இருசக்கர வாகனத்தில் வந்திருப்பார். குளிரை அவர் சுமந்தார். சூட்டை வேறொருவர் உண்டார். அடுப்படியில் நின்றவரின் இடத்துக்குச் சாலையில் ஒருவர் வந்திருக்கிறார்.

எளிய வழி இன்றும் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. நான்கைந்து பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் பாசிப்பருப்பு, எட்டு டம்ளர் நீர். பருப்பை நெய்யில் மணம் வரும்வரை வறுத்துக்கொள்வது நல்லது. ஜனவரியின் தில்லிச் சந்தையில் பட்டாணியும் காலிஃபிளவரும் சிவந்த காரட்டும் குவிந்து கிடக்கும். எது மலிவோ அது. மஞ்சள், உப்பு, நசுக்கிய இஞ்சி. நான்கு விசில் வந்ததும் அடுப்பை அணைத்து, ஆவி தானே அடங்க விட்டுவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் தட்டு, தயிர், ஊறுகாய், தண்ணீர் எல்லாவற்றையும் சமைக்காதவர்கள் எடுத்துவைத்துவிடலாம். மூடி திறந்தபின் நெய்யில் சீரகமும் பெருங்காயமும் காய்ந்தமிளகாயும் பொரித்துக் கொட்டினால் வேலை முடிந்தது. பிறகு எவரும் எதற்காகவும் எழக்கூடாது என்பதைச் சமையற்குறிப்பின் கடைசி வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னுமொரு வரியும் உண்டு. பழைய குடியிருப்புகளின் பாத்திரத் தொட்டிக்கு வெந்நீர்க் குழாய் கிடையாது. கீசர் குளியலறையில் இருக்கும். காலை ஏழு மணிக்குப் பாத்திரம் துலக்க வரும் பெண்ணின் விரல்கள், கூரைத் தொட்டியில் இரவெல்லாம் உறைந்துகிடந்த நீரில்தான் இறங்கும். அவ்விரல்களின் வெடிப்புகளில் சோப்புத்தூள் எரியும். ரொட்டி, பொரியல், பருப்பு, சோறு என்று விரிந்த இரவின் மறுநாள் அவருக்குப் பத்துப் பன்னிரண்டு பாத்திரங்கள். கிச்சடி இரவின் மறுநாள் ஒரு குக்கரும் ஐந்து தட்டுகளும்.

கும்பகோணத்துப் பெண் அந்தக் குடியிருப்பில் இருந்தவரை, கிச்சடி ஆக்கிய இரவுகளில் ஆறாவது பங்கு ஒன்றையும் எடுத்துவைத்தாள். காலையில் அதை நீர் விட்டுக் கொதிக்கச் சூடாக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றுவாள். பாத்திரம் துலக்க வரும் தீதி முதலில் அதை உண்பார். அதற்குள் கீசரிலிருந்து பிடித்த ஒரு வாளி வெந்நீர் தொட்டியருகே வந்திருக்கும்.